பாலிஷிங் மெஷின்: சொந்தமாக வாங்கலாமா, கடையில் கொடுக்கலாமா?

கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு என்று எந்த அடர் நிறக் காரையும் மதிய வெயிலில் நிறுத்தி, பானட்டில் சூரியன் பளிச்சென்று விழும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாகத் தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுபவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தண்ணீர் விடாமல் காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்த ஸ்வர்ல் மார்க்கைப் போக்க மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஆன்லைனில் மூவாயிரத்திலும் இருக்கிறது, பத்து மடங்குக்கு மேல் விலையிலும் இருக்கிறது என்பதால் குழப்பமும் அதிகம்.

விலைக்குப் போவதற்கு முன் வேறொரு கணக்கு இருக்கிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அடித்திருப்பார்கள். அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்; தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடுவதில்லை. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிறோம், அவ்வளவுதான். காம்பவுண்ட் என்ற கரகரப்பான தேய்ப்புப் பசையைப் போட்டு ஒரு முறை முழுதாகத் தேய்த்தால் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வராது. அதனால் எந்த வழி வேகமானது என்று பார்ப்பதைவிட, எந்த வழி தேவைக்கு மேல் சுரண்டாது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கையால் தேய்ப்பதில் ஆபத்து மிகக் குறைவு, செலவும் ஒரு பாட்டில் பாலிஷ், ஒரு ஃபோம் பேட், நாலு மைக்ரோஃபைபர் துணியோடு முடிந்தது. கதவுக் கைப்பிடிக்குள் விழும் நகக் கீறல், பறவை எச்சத்தின் தடம் இதற்கெல்லாம் கையே போதும். முழுக் காருக்கு என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். அழுத்தம் சீராக இல்லாததால் ஒரு பக்கம் பளபளப்பும் ஒரு பக்கம் மங்கலுமாக நிற்கும்.

அடுத்தது ரோட்டரி. டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளில் கம்பளி பேட் மாட்டி ஓட்டுகிறார்களே, அதுதான். விலை குறைவாக இருப்பதால் முதலில் கண்ணில் படுவதும் இதுதான். ஆனால் வீட்டில் ஒரு கார் வைத்திருப்பவர் இதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரோட்டரியின் பேட் ஒரே அச்சில் மட்டும் சுற்றுகிறது. அழுத்தினாலும் சுழற்சி நிற்காது, கொஞ்சம் தாமதித்தால் சூடு அதே இடத்தில் ஏறும். பானட்டின் மடிப்புக் கோடு, கதவின் ஓரம், பம்பர் முனை ஆகிய இடங்களில் பூச்சு ஏற்கெனவே மெல்லிசு. அங்கே சில விநாடி கை நின்றாலே கிளியர் கோட் போய், காரின் நிறம் பேடில் ஒட்டியிருக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவ வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் பாழாகும். ஓரம் தப்பினாலும், வெயிலில் நெளிந்து நெளிந்து தெரியும் ஹாலோகிராம் தடங்களை விட்டுவைக்கும். புது பெயிண்டில் உப்புத்தாள் தடத்தை எடுக்க வேண்டிய பட்டறைக்காரருக்கு இதன் வேகம் தேவை. அவர் கை பழகிய கை. நான்கு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டுவதோ சுத்த அநியாயம். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பாலிஷுக்குத் தேவை ஆயிரம், இரண்டாயிரம்தான்.

வீட்டுக்கு ஏற்றது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். இதன் பேட் தானும் சுற்றிக்கொண்டு, மையம் விலகி ஒரு சிறு வட்டத்திலும் ஆடும். ஒரே பாதையில் தேய்க்காததால் சூடு பரவுகிறது, ஹாலோகிராமும் விழுவதில்லை என்றே சொல்லலாம். அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். இந்தக் குணம்தான் புதியவரின் பெயிண்டைக் காப்பாற்றுகிறது. சுழற்சி நின்றதைக் கண்டுபிடிக்க பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறதா, வேலை நடக்கிறது. அப்படியே நின்று நடுங்குகிறதா, அழுத்தத்தைக் குறையுங்கள்.

டிஏவில் கவனிக்க வேண்டியது த்ரோ, அதாவது அந்த ஆட்டத்தின் அகலம். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வருகின்றன. இத்தாலியின் ரூபஸ் நிறுவனம் பிக்ஃபுட் வரிசையில் 15, 21 அளவுகளைப் பிரபலமாக்கியது. 21 மில்லிமீட்டர் வகை, அகலமான பானட்டுக்கும் கூரைக்கும் அருமை. வளைவுகள் நிறைந்த சின்ன ஹேட்ச்பேக்கில் அடிக்கடி சுழற்சி நின்றுபோகும். நம் தெருக்களில் ஓடும் கார்களின் அளவுக்கு 15தான் சரி, விலை கட்டுப்படியாகாவிட்டால் 8 எடுக்கலாம், நேரம்தான் கூடும். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 மாதிரி கியர் வைத்து, அழுத்தினாலும் சுழற்சி நிற்காமல் ஓடும் வகையும் உண்டு. வேலை கடகடவென்று நடக்கும், ஆனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். முதல் மெஷினாக அது வேண்டாம்.

மெஷின் விலையோடு செலவு முடியாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்தது ஐந்தாறு பேட், ஒரு காம்பவுண்ட், ஒரு மென்மையான பாலிஷ், பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் பார், ஓரங்களை மறைக்க டேப், ஒரு கட்டு மைக்ரோஃபைபர், எல்லாம் சேர்ந்து மெஷின் விலையில் பாதியாவது வரும். நிழலும் வேண்டும். வெயிலில் சூடான பானட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பொடியாகிவிடும். அடுக்குமாடியில் குடியிருப்பவர் பார்க்கிங் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, சங்கம் அனுமதிக்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளட்டும். முழுக் காருக்கு ஒரு நாள் முழுக்கப் போகும்.

இனி கடை. காரைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் நல்ல டீட்டெய்லிங் கடையில் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இருக்கும். ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்த்து, எந்தக் கதவு மறுபெயிண்ட் ஆனது என்பதைக் கண்டுபிடித்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். பழைய காரை வாங்கியவருக்கு இது பெரிய உதவி. எந்த மெஷின், முதலில் ஒரு சின்ன இடத்தில் போட்டுக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் கடை வேண்டாம். டெலிவரி எடுக்கும்போது ஃபோன் டார்ச்சை பானட் மேல் பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் பூசி மறைத்துவிடுவார்கள். அப்போது பளபளக்கும், நாலைந்து வாஷில் பழைய வலை திரும்பத் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஓர் இடத்தைத் துடைக்கச் சொன்னால் அந்தக் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

என் தீர்ப்பு இதுதான். வெள்ளையோ வெள்ளியோ நிறத்தில் ஒரே ஒரு கார், கழுவுவது வேறொருவர் என்றால் மெஷின் வேண்டாம். அந்த நிறங்களில் கீறல் அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தால் கடையில் ஒரு முறை கொடுங்கள். செராமிக் கோட்டிங் போட்ட காருக்கும் வேண்டாம், பாலிஷ் அந்தக் கோட்டிங்கையே சுரண்டி எடுத்துவிடும். அடர் நிறக் கார், வீட்டில் இரண்டாவது வண்டியும் உண்டு, கழுவுவதும் நீங்களே என்றால் டிஏ தாராளமாக வாங்கலாம். கழுவும் முறையை மாற்றாமல் மெஷின் மட்டும் வாங்குபவர்தான் கவலைக்குரியவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காம்பவுண்ட் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த 40 மைக்ரான் எத்தனை வருஷம் தாங்கும்?

வாங்கிவிட்டால் முதல் நாளே சொந்தக் காரில் கை வைக்காதீர்கள். டிங்கரிங் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட பழைய பானட் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி கட்டம் பிரித்து, நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை என்று மெதுவாக ஓட்டுங்கள். மடிப்புக் கோட்டில் வேண்டுமென்றே நிறுத்திவைத்து, எவ்வளவு நேரத்தில் பூச்சு போகிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அதன் பிறகு உங்கள் காரில் மென்மையான பேட், மென்மையான பாலிஷோடு ஆரம்பியுங்கள். அதிலேயே கீறல் போய்விட்டால் காம்பவுண்ட் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.