மலைப்பாதையில் டாண்டம் சைக்கிள்: ஆயத்த சக்கரமா, கையால் கட்டிய சக்கரமா?

இருவர் மிதிக்கும் டாண்டம் ரோடு சைக்கிளை நீலகிரியில் வைத்திருப்பவர்கள் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தை முதலில் பின்சக்கரத்தில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருவரின் எடை, சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 160 கிலோ என்று கொண்டால், அதில் பாதிக்கும் மேல் பின்சக்கரத்தின் மீது விழுகிறது. ஏற்றத்தில் இருவருடைய மிதி விசையும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் ஒன்றின் வழியாகவே வெளிவளையமான ரிம்முக்குப் போய்ச் சேர வேண்டும்.

இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது முதல் வழி. ரிம்மில் நிப்பிள் (கம்பியின் நுனியை ரிம்மோடு பிடிக்கும் சிறு திருகு) துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கூட இல்லாமல் ஹப்பும் நன்றாக இருந்தால், கோட்டம் எடுத்து, கம்பிகளின் இழுவிசையைச் சமப்படுத்தினாலே சில காலம் ஓடும். ஒரு கம்பி உடைந்து மாற்றியபின் இன்னொன்றும் உடைந்தால், மற்றவையும் தளர்ந்து களைத்துவிட்டன என்று கொண்டு, மொத்தக் கம்பிகளையும் மாற்றிவிடுவதே நல்லது.

இரண்டாவது வழி, டாண்டத்துக்கென்றே தயாராகும், 24 அல்லது அதற்கும் குறைவான கம்பிகள் கொண்ட ஆயத்த சக்கரம். இவை தரம் குறைந்தவை அல்ல. காற்றை நன்றாகக் கிழிக்கும், கோயம்புத்தூர்ச் சமவெளிச் சாலைகளில் வேகமும் தரும். ஆனால் கம்பிகள் குறைவாக இருக்கும் சக்கரத்தில் ஒன்று உடைந்தால் ரிம் வெகுவாக ஒரு பக்கம் சாய்ந்து, பிரேக்கிலோ சட்டகத்திலோ உரசி, வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். அந்தச் சக்கரத்துக்கென்றே செய்யப்பட்ட கம்பி ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கடையில் தொங்காது. வெளியூரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, 40 துளை ஹப்பில் கையால் கட்டிய சக்கரம். இதன் எடையைக் குறை சொல்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 24 கம்பிக்கு மேல் கூடுதலாக வரும் 16 கம்பிகள், நிப்பிளோடு சேர்த்து 130 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், 160 கிலோவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களின் பின்சக்கரத்திலும் 40 கம்பிகள்தான் என்பதால், அந்தப் பின்னல் இங்குள்ள மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய ஒன்று.

ஆனால் எண்ணிக்கை மட்டும் சக்கரத்தைக் காப்பாற்றாது. சாதாரண 130 மி.மீ. அகல ஹப்பில் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், வலப்பக்கக் கம்பிகள் இறுகியும் இடப்பக்கக் கம்பிகள் தளர்ந்தும் நிற்கின்றன. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது இழுவிசையை இழந்து, மேலே போகையில் மீண்டும் பெறுகிறது. அந்த ஓயாத ஏற்ற இறக்கத்தில்தான் அது ஹப்பருகே உள்ள வளைவில் களைத்து உடைகிறது. டாண்டம் ஹப்புகளின் 145 மி.மீ. அகலம் இந்த வேறுபாட்டைப் பெருமளவு குறைக்கிறது. கம்பியும் வளைவில் 2.3 மி.மீ. தடித்து, நடுவில் மெலிந்திருப்பது நல்லது. மெலிந்த நடுப்பகுதி சற்றே நீண்டு கொடுப்பதால், பாரம் விழும்போதும் கம்பி முற்றாகத் தளர்வதில்லை. முழு நீளமும் தடித்த கம்பியே உறுதியானது என்று நம்பிப் பலர் இங்கேதான் தவறான கம்பியை வாங்குகிறார்கள்.

கட்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது பிரேக். குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் வரை 1,300 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அந்த 160 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொண்டாலும், கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கும் எச்சரிக்கையான இணைக்கு, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், மிச்சமெல்லாம் ரிம்மில்தான் வெப்பமாக ஏறும். அளவுக்கு மீறினால் ட்யூப் வெடிக்கும். சட்டகத்தில் டிஸ்க் பிரேக் பொருத்தும் இடம் இருந்தால், டிஸ்க் ஹப்பில் கட்டி 203 மி.மீ. வட்டு போடுவதே சரி. கம்பிகள் கோக்கும் இடப்பக்க விளிம்பு (ஃப்ளாஞ்ச்) கொஞ்சம் உள்ளே போவதால் சக்கரத்தின் பக்கவாட்டு உறுதி சற்றுக் குறையும் என்றாலும், 145 மி.மீ. அகலம் அதை ஈடுகட்டிவிடும். அந்த இடம் இல்லாத பழைய சட்டகங்களுக்கு ஜப்பானின் அராய் டிரம் பிரேக் உண்டு. அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய பொருளாகத்தான் தேட வேண்டும், ஹப்பின் இடப்பக்கத்தில் அதற்கான மரையும் இருக்க வேண்டும்.

நிப்பிள் பித்தளையாகவே இருக்கட்டும். மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் மலையில் அலுமினிய நிப்பிள் அரித்து இறுகிக்கொள்ளும். கட்டி முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து இறுக்கி, மறுபடி கோட்டம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினால், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தால், முதல் இறக்கத்துக்கு முன்பே சக்கரத்தைக் கட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள். முன்சக்கரத்துக்கு 36 கம்பி போதும், அதை அடுத்த ஆண்டுகூடக் கட்டிக்கொள்ளலாம்.