வேனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு டூவீலருக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறார்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியின் இன்ஷூரன்ஸ் பேப்பர் ஏஜென்ட் மூலம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்றால், தயவுசெய்து இன்றைக்கே அதைத் திறந்து பாருங்கள்.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். வீடு காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. படுத்துக்கொண்டு வரலாம், வழியில் கழிப்பறைக்கு அலைய வேண்டாம் என்றுதான் மூன்று வருடம் முன்பு ஒரு கேம்பர் வேன் வாங்கினேன். டிராவலர் வண்டிதான். உள்ளே கட்டில், சின்ன கழிப்பறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. ஆர்சியிலும் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்றே பதிவு இருக்கிறது. வருடத்தில் பத்து மாதம் தகர ஷெட்டில் நிற்கும். மச்சான் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பார். நான் லீவில் வந்தால் அப்பாவை எங்கேயாவது கூட்டிப்போவேன்.

முதல் வருடம் ஊரில் இருந்ததால் நேரில் போய் நானே இன்ஷூரன்ஸ் போட்டேன். அடுத்த வருடம் ஷார்ஜாவிலிருந்து முயன்றபோது ஓடிபி எதுவும் வரவில்லை, என் இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் ஒரு ஏஜென்டைக் கைகாட்டினார். ஆர்சி போட்டோ கேட்டார், அனுப்பினேன். 23,500 ரூபாய் என்றார், ஜிபேயில் போட்டேன். அரை மணி நேரத்தில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், ஃபுல் கவர் என்று எல்லாம் கச்சிதமாக இருந்தது. மறுவருடமும் அதே தொகை, அதே மாதிரி பிடிஎஃப்.

வண்டி விவரம் காட்டும் அரசு ஆப்பான எம்பரிவாகனிலும் பார்த்தேன். கம்பெனி பெயர், பாலிசி நம்பர், முடிவுத் தேதி எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு மேல் சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. அமீரகத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் முல்கியாவை, அதாவது அங்கத்திய ஆர்சியை, புதுப்பிக்கவே முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. நம் ஊரில் அப்படி இல்லை. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருடம் ஓடும், இன்ஷூரன்ஸை நாம்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

போன மே மாதம் லீவில் வந்தபோது அப்பாவோடு ஒகேனக்கல் போனோம். திரும்பும்போது பாலக்கோடு பக்கம் டீக்கு நிறுத்தினோம். பின்னால் வந்த லாரி ஒன்று திரும்பும்போது வேனின் பின் மூலையை உரசிக் கிழித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அப்பா உள்ளே படுத்திருந்தார், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நின்றபடியே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாலிசி நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், இது டூவீலர் பாலிசி. நம்பரைத் திரும்பச் சொல்றீங்களா?" என்றார். மூன்று முறை சொன்னேன். வண்டி நம்பர் என்னுடையதேதான், வகை மட்டும் டூவீலர். அதுவும் தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்குத்தான், என் வண்டிக்கு இல்லை.

நடந்தது இதுதான். 75 முதல் 150 சிசி வரையிலான டூவீலருக்கு ஒரு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், வரியோடு 843. என் வேன் நம்பரைப் போட்டு, வகையை டூவீலர் என்று மாற்றி, அந்த 843 ரூபாயை மட்டும் ஏஜென்ட் கம்பெனிக்குக் கட்டியிருக்கிறார். வந்த பாலிசியின் பிடிஎஃபைத் திருத்தி வேன் பாலிசி மாதிரி ஆக்கி எனக்கு அனுப்பியிருக்கிறார். நம்பர் கம்பெனி கணக்கில் ஏறிவிட்டதால் ஆப்பும் இன்ஷூரன்ஸ் உண்டு என்றே காட்டுகிறது. நான் பார்த்த பக்கத்தில் பாலிசி எந்த வகை வண்டிக்கு என்ற விவரமே இல்லை. இரண்டு வருடத்தில் நான் கொடுத்தது 47,000. கம்பெனிக்குப் போனது 1,686. பாலிசியில் மொபைல் நம்பரும் மின்னஞ்சலும் அவருடையவை, அதனால் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ்கூட எனக்கு வந்ததில்லை.

ரிப்பேருக்கு 58,000 ஆனது. அதுகூடப் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறு. போன வருடம் மச்சான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இதே வேனில் இரண்டு முறை தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய் வந்தார். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி டூவீலர் பாலிசியைக் காட்டிக் கையை விரித்திருக்கும். விபத்து வழக்கைப் பார்க்கும் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்ட ஈடு வண்டி ஓனரான என் தலையில்தான் விழும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் ஓர் உயிர் போனால் வரும் கணக்கின் முன் அந்த அபராதம் ஒன்றுமே இல்லை.

ஏஜென்டுக்குப் போன் பண்ணினேன். "அண்ணா, டைப்பிங் மிஸ்டேக், ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்" என்றார். இரண்டு வருடமும் ஒரே டைப்பிங் மிஸ்டேக்கா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சுவிட்ச் ஆஃப். மச்சான் நேரில் போய்ப் பார்த்தால் கடையில் ஷட்டர் இறங்கியிருக்கிறது.

வந்த பிடிஎஃபில் க்யூஆர் கோடு ஒன்று ஓரத்திலேயே இருந்தது. அதை அப்போதே ஸ்கேன் பண்ணியிருந்தால் டூவீலர் என்று வந்திருக்கும். பேப்பரில் இருந்ததைத் திருத்தியவர் அதை விட்டுவிட்டார். நான் இப்போதுதான் ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், க்யூஆர் கோடையும் மாற்றி ஒட்டலாம். பாலிசி நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் பண்ணி, எந்த வகை வண்டி, எவ்வளவு பிரீமியம், யாருடைய மொபைல் நம்பர் என்ற மூன்றையும் கேளுங்கள். பிடிஎஃபில் அச்சாகியிருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். பணத்தையும் ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போடாமல் கம்பெனிக்கே கட்டுங்கள்.

இப்போது கம்பெனிக்கு மின்னஞ்சலில் புகார் போயிருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்திருக்கிறேன், 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். லீவு முடிவதற்குள் போலீசில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, இரண்டு பிடிஎஃப் எல்லாவற்றையும் அதோடு இணைத்தேன்.

வேனுக்குப் புதிதாக இன்ஷூரன்ஸ் போடுவதும் லேசாக இல்லை. முதல் வருடம் நானே போட்ட பாலிசி முடிந்து 90 நாளைக்கு மேல் ஆனதால், க்ளெய்ம் கேட்காதவர்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் போய்விட்டது. ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் படம் எடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் கட்டில், ஃப்ரிட்ஜ், சோலார் போன்றவற்றுக்குத் தனியாக மதிப்பு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவை கணக்கில் வராது. மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணி இந்திய சிம்மை உயிரோடு வைத்திருக்கிறேன், பாலிசியிலும் வாகனப் பதிவிலும் இப்போது அந்த நம்பர்தான்.

என்னைப் போலவே கிருஷ்ணகிரியில் ஏஜென்ட் மூலம் போட்டு, சரிபார்க்கும்போது டூவீலர் என்று வந்தால், தனியாக அலையாமல் எனக்கு எழுதுங்கள். நாம் சேர்ந்து மனு கொடுக்கலாம். இதுவரை இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள், அதில் ஒருவருடையது ஸ்கூல் வேன்.