குடிசைப் பகுதி: இருந்த இடத்திலேயே சீரமைப்பா, அடுக்குமாடிக்கு மாற்றமா?

நகர விளிம்பில் பட்டா இல்லாமல் வளர்ந்த குடியிருப்புகளில் குறைகள் எங்கும் ஒரே மாதிரிதான்: நல்ல தண்ணீர் இல்லை, கழிவறை போதாது, ஒரே அறையில் நாலைந்து பேர், ஒழுகும் கூரை, எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். குடிசைப் பகுதி எது என்று சொல்ல ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட் வைத்திருக்கும் அளவுகோலும் இந்த ஐந்துதான்.

அடுக்குமாடி கட்டி இடம் மாற்றினால் உறுதியான சுவர், வீட்டுக்குள்ளேயே கழிவறை. இதை மறுக்க முடியாது. ஆனால் மலிவான நிலம் தூரத்தில்தான் கிடைக்கும். பிரேசில் 2009-இல் தொடங்கிய 'மின்யா காசா, மின்யா விடா' (என் வீடு, என் வாழ்க்கை) வீட்டுத் திட்டத்தின் மேல் வந்த பெரிய புகாரே இதுதான். பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றுவிடும். வாசலில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவர் நாலாவது மாடியில் யாருக்குத் தைப்பார்? மோட்டார் பழுதானால் குடத்தோடு படியேற வேண்டியதுதான்.

இருந்த இடத்திலேயே சீரமைப்பது மெதுவான வேலை. ஜகார்த்தாவில் 1969-இல் தொடங்கிய கம்போங் (நெருக்கமான ஏழைக் குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டம் நடைபாதை, வடிகால், தண்ணீர் கொடுத்தது. வீட்டை அவரவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டார்கள். தாய்லாந்தின் பான் மங்கோங் திட்டம் (2003) இன்னும் ஒரு படி மேலே போனது: மக்களே சேமிப்புக் குழு அமைத்து, சேர்ந்து கடன் வாங்கி, நிலத்துக்கும் பேசி முடிக்கிறார்கள். இந்த வழியிலும் ஒரு குறை உண்டு: சந்து குறுகலாகவே இருந்துவிட்டால் தீயணைப்பு வண்டி நுழையாது.

ஆனாலும் என் ஓட்டு இருந்த இடத்திலேயே சீரமைப்பதற்குத்தான். வெள்ளம் புகும் ஆற்றங்கரை, மண் சரியும் மலைச்சரிவு என்றால் சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவும் பழைய வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில்.