ஒரே வேப் கருவியுடன் 18 மாதங்கள்: இரவுப் பணியாளர் ஒருவரின் பயன்பாட்டு அனுபவம்

2024 பிப்ரவரியில் கிழக்கு லண்டனில், வீட்டுக்கு அருகே உள்ள ஒரு கடையில் 22 பவுண்டு கொடுத்து வாங்கிய வேப் கருவியை (மின்சிகரெட்டை) ஏறத்தாழ 18 மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் 19 ஆண்டுகள், நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வரை புகைத்தவன் நான். இந்த வகைக் கருவிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, வாங்கிய முதல் வாரத்திலேயே, சுவையையும் ஆவியின் அடர்த்தியையும் மட்டும் வைத்து எழுதப்படுகின்றன. சிகரெட்டை விடுவதற்காக இதைக் கையில் எடுப்பவருக்கு முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரமும், முதல் மாதத்தைவிடப் பத்தாவது மாதமும்தான் முக்கியம் என்பதை அனுபவத்தில் உணர்ந்ததால் இதை எழுதுகிறேன். புகைப்பழக்கம் இல்லாதவர்களும் இளைஞர்களும் இதைத் தொடவே வேண்டாம். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். அது இல்லாமல் வாழ்பவருக்கு இந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை.

என்னிடம் உள்ளது, பாட் எனப்படும் சிறு திரவக் கூட்டை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வகைக் கருவி. 1000 எம்ஏஎச் பேட்டரி, யூஎஸ்பி-சி முனை, எத்தனை முறை இழுத்தோம் என்று காட்டும் சிறு திரை, காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு நகர்த்தி ஆகியவை இருக்கின்றன. வாயில் வைத்து இழுத்தாலே இயங்கத் தொடங்கும். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாட்டின் கொள்ளளவு 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. நிகோடின் கலந்த திரவத்தை 10 மில்லிலிட்டருக்கு மிகாத குப்பிகளில்தான் விற்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் இருக்கக் கூடாது. எட்டு மணி நேர இரவுப் பணிக்குக் கிளம்பும்போது பாட் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்ததற்கு இந்த 2 மில்லிலிட்டர் வரம்புதான் காரணம்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. பாட்டின் அடியில் காயில் எனப்படும் மெல்லிய உலோக வலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பஞ்சு திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இழுக்கும்போது மின்சாரம் பாய்ந்து வலை சூடாகி, பஞ்சில் உள்ள திரவத்தை ஆவியாக்குகிறது. எதுவும் எரிவதில்லை என்பதே சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. நான் பயன்படுத்துவது 1 ஓம் மின்தடை கொண்ட காயில். அது 12 வாட் அளவில் இயங்குகிறது. சிகரெட்டைப் போல முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு நுரையீரலுக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே பொருத்தம். குறைந்த மின்தடையும் கூடுதல் வாட்டும் கொண்ட பெரிய கருவிகள் ஆவியை மேகம்போல் தள்ளும். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் கொண்ட திரவத்தை அவற்றில் ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும்தான் மிஞ்சும்.

முதல் பத்து நாட்கள் சிரமமாகவே இருந்தன. சிகரெட்டை இழுப்பதுபோல் சுருக்கென்று இழுத்தேன். ஒவ்வொரு முறையும் இருமல் வந்தது, திரவத் துளிகள் நாக்கில் தெறித்தன. மூன்று நொடி நிதானமாக, கருவியின் போக்குக்கு விட்டு இழுக்க வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. புதிய காயிலைப் பொருத்தியவுடன் இழுக்கக் கூடாது என்பதையும் ஒரு காயிலைக் கருக்கியே கற்றேன். பஞ்சின் மேல் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பாட்டை நிரப்பி, குறைந்தது பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட வேண்டும். காய்ந்த பஞ்சில் சூடு பட்டுவிட்டால் அந்தக் கருகல் வாடையை எதைச் செய்தும் போக்க முடியாது. அந்தக் காயில் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

இனி, இந்த அனுபவத்தின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் மாத நடுவில், சிகரெட்டை விட்டு ஏறத்தாழ பத்து வாரங்கள் ஆன நிலையில், காரணமே இல்லாமல் மீண்டும் சிகரெட் ஞாபகம் வரத் தொடங்கியது. எரிச்சலும் தூக்கக் குறைவும் கூடவே வந்தன. என் மனவுறுதி தளர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கருவியின் திரையைப் பார்த்தபோது, வழக்கமாக நாளொன்றுக்கு 240 வரை இருந்த இழுப்புகளின் எண்ணிக்கை 330ஐத் தாண்டியிருந்தது. நகை எடை பார்க்கும் சிறிய மின்தராசு ஒன்று வீட்டில் இருந்ததால், பாட்டைக் கழற்றி எடை போட்டேன். இருபது முறை இழுத்துவிட்டு மீண்டும் போட்டேன். 0.11 கிராம் குறைந்திருந்தது. புதிய காயிலை மாற்றி, அதே திரவத்தில், அதே நிதானத்தில் இருபது முறை இழுத்தபோது 0.15 கிராம் குறைந்தது. அதாவது, பதினெட்டு நாள் பழைய காயில், கருகல் சுவை எதுவும் காட்டாமலேயே, கால் பங்குக்கும் மேல் குறைவான ஆவியைத்தான் தந்துகொண்டிருந்தது. நிகோடின் குறைந்ததை உடல் உணர்ந்துவிட்டது, நாக்கு உணரவில்லை.

பழைய காயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த பஞ்சு, வலையை ஒட்டிய இடத்தில் மட்டும் அடிப்பிடித்த பாகுபோலக் கரும்பழுப்பாகி இறுகியிருந்தது; நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. திரவத்தில் உள்ள இனிப்பூட்டி சூட்டில் கெட்டிப்பட்டு வலையில் படிவதால் வருவது இது. அன்றிலிருந்து சுவை கெடும்வரை காத்திருக்காமல், பதினான்காம் நாளில் காயிலை மாற்றிவிடுகிறேன். சிகரெட்டை விட்டவர்கள், இழுப்புகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினால் தம்மைக் குறை சொல்லிக்கொள்வதற்கு முன் காயிலைப் பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். வேப் கருவியால் சிகரெட்டை விட முயன்று பாதியில் கைவிட்டவர்களில் சிலராவது இந்தத் தேய்ந்த காயிலால் தோற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு முறை நான் தோற்றேன். மார்ச் மாதக் குளிர் இரவில், கிடங்கில் அதிகாலை இரண்டரை மணிக்கு விட்ட இடைவேளையின்போது, கருவி ஒரே இழுப்பில் கருகியது. மாற்றுக் காயில் வீட்டில் இருந்தது. கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், நான் கருவியைத் தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இண்டைக்கு மட்டும் ஒண்டைப் பத்து, நாளைக்கு விடலாம்" என்று அன்போடுதான் பெட்டியை நீட்டினார். வாங்கிப் பற்றவைத்தேன். பாதியிலேயே அணைத்துவிட்டேன் என்றாலும், ஐந்து வாரம் தொடாமல் இருந்த ஒன்றைத் தொட்டுவிட்ட வருத்தம் அந்த இரவு முழுவதும் இருந்தது. அதன்பின் வேலைப் பையின் பக்கவாட்டு அறையில் ஒரு காயில், திரவம் நிரப்பிய ஒரு மாற்றுப் பாட், இரண்டு நிகோடின் சூயிங்கம் ஆகியவை எப்போதும் இருக்கின்றன. அண்ணனும் இப்போது பெட்டியை நீட்டுவதில்லை, "காயில் இருக்கோ?" என்றுதான் கேட்கிறார்.

திரவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே பாடம்தான். ஆவியாகும் அடிப்படைத் திரவங்களான புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சரிபாதி கலந்த, நிகோடின் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) வகைத் திரவம் இந்தச் சிறு கருவிக்கு ஏற்றது. கிளிசரின் மிகுந்த கெட்டியான திரவத்தைச் சிறிய பஞ்சுத் துளைகளால் வேகமாக உறிஞ்ச முடியாது. தொடர்ந்து நான்கு முறை இழுத்தாலே காய்ந்துவிடும். சால்ட் வகையில் தொண்டைக் காரம் குறைவு என்பதால் 20 மில்லிகிராம் அளவையும் எளிதாக ஏற்க முடிகிறது. மாம்பழச் சுவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதில் ஒரு காயில் பன்னிரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. இனிப்பில்லாத புதினா வகைக்கு மாறியபின் இருபது நாள் வரைகூடச் சுவை கெடாமல் நிற்கும்; ஆனாலும் பதினான்காம் நாளில் மாற்றிவிடுகிறேன்.

கசிவு இந்தக் கருவியின் நிலையான குறை. பாட்டின் அடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஈரம் சேரும். அதில் பெரும்பகுதி ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமானதுதான் என்றாலும், மெல்லிய தாளால் துடைக்காமல் விட்டால் மின்முனைகளில் படிந்து, இழுத்தும் இயங்காத நிலை வருகிறது. விமானப் பயணத்தில் இது இன்னும் மோசமாகும். சூரிச்சில் உள்ள தங்கை வீட்டுக்குச் சென்றபோது முக்கால் பங்கு நிரம்பிய பாட்டுடன் ஏறினேன். மேலே அழுத்தம் குறையும்போது பாட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து, திரவத்தைக் காயில் வழியாக வெளியே தள்ளிவிட்டது. சட்டைப்பை முழுவதும் நனைந்தது. இப்போது பாட்டைக் காலி செய்துவிட்டே ஏறுகிறேன். கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி என்பதால் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 1000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 3.7 வாட்-மணி. 12 வாட்டில் மூன்று நொடி இழுப்புக்கு 36 ஜூல் செலவாகும். அப்படிப் பார்த்தால் ஒரு முழுச் சார்ஜில் 370 இழுப்புகள் கிடைக்க வேண்டும். வாங்கிய முதல் மாதத்தில் 310 கிடைத்தது. இழப்புகளைக் கழித்தால் இது நியாயமான எண்ணிக்கை. இப்போது 235 வரை வருகிறது. எனக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ போதும் என்றாலும், இரவுப் பணியின் கடைசி ஒரு மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்க நேர்கிறது. பேட்டரியைக் கழற்றி மாற்ற வழியில்லாத அமைப்பு இது. காயிலை மாற்ற முடிகிற ஒரு கருவியில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாமல் வடிவமைப்பது வீண் செலவு; அடுத்த கருவி வாங்கும்போது பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

2024 டிசம்பரில் திருச்சிக்குச் சென்றபோது கருவியை லண்டனிலேயே விட்டுச் சென்றேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடை செய்கிறது. இறக்குமதி, விற்பனை போன்றவற்றில் முதல் முறை மீறினாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும். ஊருக்குப் போகும் நம்மவர்கள் இதைத் தெரியாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த மூன்று வாரங்களையும் மருந்துக் கடையில் வாங்கிய 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கத்தில் ஓட்டினேன். காலையில் தேநீர்க் கடை வாசலில் நிற்பதுதான் கடினமாக இருந்தது, மற்றபடி முடிந்தது.

செலவைப் பொறுத்தவரை, ஆறு நாளுக்கு ஒரு குப்பித் திரவமும் மாதத்துக்கு இரண்டு காயிலும் சேர்த்து மாதம் 22 பவுண்டுக்குள் அடங்குகிறது. முன்பு சிகரெட்டுக்கு மாதம் 300 பவுண்டுக்கு மேல் போனது. 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுண்டு புதிய தீர்வை வருவதாக அரசு அறிவித்திருப்பதால் திரவத்தின் விலை ஏறும். 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்கள் பிரிட்டனில் தடை செய்யப்பட்டுவிட்டன. பேட்டரியோடு சேர்த்துத் தெருவோரம் அவை கிடப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். பழைய கருவிகளையும் பாட்களையும், வேப் விற்கும் கடைகளே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

உடல்நிலையில் கண்ட மாற்றத்துக்கு எண் ஒன்று இருக்கிறது. புகை விடுவோருக்கான இலவச ஆலோசனை மையத்தில் முதல் நாள் ஊதிக் காட்டியபோது மூச்சில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 22 பங்கு; நான்கு வாரத்துக்குப் பின் 3. எரிதல் இல்லாததால் அது இறங்கியது. ஆனால் இதனால் வேப் தீங்கற்றது என்று ஆகிவிடாது. நீண்டகால விளைவுகளை அறியும் அளவுக்கு இது பழைய பொருளும் அன்று. 2019இல் வெளியான, 886 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் பிரிவில் 18 விழுக்காடு, தோலில் ஒட்டும் பட்டை, சூயிங்கம் போன்ற பிற நிகோடின் முறைகளில் 9.9 விழுக்காடு. அதே ஆய்வில், வேப் பிரிவில் வெற்றி பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் வேப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். நானும் அவர்களைப் போன்றவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே 2025 மே மாதம் 20 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம் திரவத்துக்கு இறங்கினேன். முதல் இரண்டு வாரம் இழுப்புகள் 340 வரை ஏறின. கருவியும் அதற்கேற்ப நாளுக்கு இரண்டு முறை சார்ஜ் கேட்டது, காயில் பத்தே நாளில் தளர்ந்தது. ஜூலை முடிவில் எண்ணிக்கை 260க்கு இறங்கி நின்றிருக்கிறது. அடுத்து 5 மில்லிகிராம். அதற்காக இரண்டு குப்பிகள் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், புதிய காயில் பொருத்தும் நாளன்று தொடங்குவேன்.