சி ஷிப்ட்காரருக்கு எந்த கலோரி செயலி? காசு கட்டியதா, இலவசமா?

எங்கள் ஆலையில் மூன்று ஷிப்ட். ஏ காலை 6 முதல் 2 வரை, பி 2 முதல் இரவு 10 வரை, சி இரவு 10 முதல் காலை 6 வரை. வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வேலையோடு எடையையும் குறைக்க நினைத்துக் காசு கட்டிய செயலியும் பார்த்தாயிற்று, இலவசமும் பார்த்தாயிற்று. இப்போது என் போனில் இருப்பது க்ரோனோமீட்டரின் இலவசப் பதிப்பு மட்டும்தான். ஷிப்டில் இருப்பவர்கள் சந்தா கட்டும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லோரும் பேசும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பார்கோடு ஸ்கேன் செய்யும் வசதியை மைஃபிட்னஸ்பால் 2022 அக்டோபரில் சந்தாவுக்குள் கொண்டுபோனது. க்ரோனோமீட்டரிலும் ஃபேட்சீக்ரெட்டிலும் அது இலவசம். ஆனால் நாம் சாப்பிடுவதில் பாக்கெட் உணவு கொஞ்சம்தான், அதனால் எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. இலவசத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். இட்லி, பொங்கல், கூட்டு என்று நம் சாப்பாட்டைத் தேடி எடுப்பதற்கு பெங்களூருவில் உருவான ஹெல்திஃபைமீதான் சுலபம். அதன் பயிற்சியாளர் சேவையை நான் எடுத்ததில்லை, அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஷிப்டுக்குப் போகிறவருக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: செயலியின் நாள் எப்போது முடிகிறது?

நான் பார்த்த எல்லாவற்றிலும் நள்ளிரவு 12 மணிக்கு முடிகிறது. சி ஷிப்டில் என் சாப்பாடு இப்படி இருக்கும்: இரவு எட்டரைக்கு வீட்டில், ஒன்றரைக்குக் கேன்டீனில், நாலு மணிக்கு டீ, பஸ்ஸில் வந்து இறங்கி ஏழரைக்கு டிபன், பிறகு தூக்கம், எழுந்து மாலை நாலு மணிக்குச் சாப்பாடு. தினமும் 2,000 கலோரி இலக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு போனைத் திறந்தால், முழு 2,000-மும் மிச்சம் என்று காட்டும். எட்டரை மணிச் சாப்பாடு நேற்றைய கணக்குக்குப் போய்விட்டது. பசியும் தூக்கமும் சேர்ந்து அழுத்துகிற அந்த நேரத்தில்தான் சரியான எண் தேவை. அப்போது பார்த்துத் தவறான எண் நிற்கிறது.

வாரத்தின் நடுவில் மொத்தம் ஓரளவு சரியாகிவிடும். ஒரு பக்கம் விட்டது மறுபக்கம் சேர்ந்துவிடும். உதைப்பது ஷிப்ட் மாறும் நாட்களில். சி ஆரம்பிக்கும் நாளில் கேன்டீன் சாப்பாடு அடுத்த தேதிக்குப் போவதால் குறைவாகச் சாப்பிட்டது போலத் தெரியும். சி முடிகிற நாளில் இரவுச் சாப்பாடு, டிபன், மதியம், அடுத்த இரவு எல்லாம் ஒரே தேதியில் குவிந்து சிவப்பில் நிற்கும். உண்மையில் இரண்டு நாளும் அளவாகத்தான் சாப்பிட்டிருப்போம்.

காசு கட்டினால் இது தீருமா? தீராது, என் கோபமே அதுதான். மைஃபிட்னஸ்பால் பிரீமியத்திலும் க்ரோனோமீட்டர் கோல்டிலும் சாப்பிட்ட நேரத்தைக் குறிக்கலாம். அது மணியைக் காட்டுமே தவிர நாளை நகர்த்தாது. இரண்டிலும் நாளுக்கொரு இலக்கு வைக்கலாம், ஆனால் அது கிழமைப்படி. என் ரோஸ்டர் திங்கள், செவ்வாய் பார்த்து ஓடுவதில்லை. போன மாதத்துச் செவ்வாய் ஏ, இந்தச் செவ்வாய் சி. மைஃபிட்னஸ்பாலுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 79.99 டாலர் என்று விலை வைத்தார்கள். இத்தனை வாங்குகிறவர்கள், நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வைத்திருக்கலாம். நான் சந்தா கட்டிய இன்னொரு செயலி, நைட் முடித்துத் தூங்கும்போது காலை உணவைப் பதிவு செய்யவில்லையே என்று போனை அலற வைக்கும்.

இத்தனைக்கும் இது புதுப் பிரச்சினை இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆவது பிரிவே, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் 12 மணிக்குப் பிறகு பார்த்த வேலையை முந்தைய நாளின் கணக்கில் சேர்க்கச் சொன்னது. எங்கள் வருகைப் பதிவும் அப்படித்தான், ஷிப்ட் தொடங்கிய தேதியில்தான் விழும்.

சாப்பாட்டுக் கணக்கையும் அதே மாதிரி வைத்துக்கொண்டேன். தூங்கி எழுந்ததிலிருந்து அடுத்த பெரிய தூக்கம் வரை ஒரு நாள். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பிடுவதை, செயலியில் ஒரு தேதி பின்னால் தள்ளிப் போய்ப் பதிவு செய்வேன். இதற்குக் காசு வேண்டாம், இலவசப் பதிப்பே போதும். தொல்லையும் உண்டு: செயலி எப்போதும் இன்றைய தேதியில்தான் திறக்கும், ஒவ்வொரு தடவையும் பின்னால் போக வேண்டும். எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கு செயலிக்குள் தானாக வந்து சேரும்போது நள்ளிரவு எல்லையிலேயே வெட்டுப்படும், அதனால் உடற்பயிற்சிக் கலோரியைச் சாப்பாட்டு அளவோடு கூட்டும் அமைப்பை அணைத்துவிட்டேன். சி முடித்து மதியமே எழுகிற நாள் அரைநாள்தான். அதற்காக ஏழு நாள் மொத்தத்தை ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் பார்க்கிறேன்.

இந்த வேலையை எந்த இலவசச் செயலியிலும் செய்யலாம். அப்புறம் ஏன் க்ரோனோமீட்டர்? சமையல் குறிப்பை நானே எடைபோட்டு ஏற்ற முடிகிறது. பருப்பு, எண்ணெய், காய் எல்லாவற்றையும் கிராமில் போட்டு, வெந்த சாம்பாரின் மொத்த எடையையும் கொடுத்துவிட்டால், அடுத்த முறை 150 கிராம் என்று போட்டால் போதும். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, தாளிப்பில் ஒரு கரண்டி கூடினாலே கணக்கு மாறும். யாரோ ஏற்றிவைத்த ‘சாம்பார், ஒரு கப்’பை நம்புவதை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. கேன்டீன் சாப்பாட்டுக்கு மட்டும் குத்துமதிப்புதான். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 என்று வைத்து, குழம்புக்குக் கொஞ்சம் தாராளமாகப் போடுவேன்.

சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சாப்பிட்ட மணி முக்கியம். அவருக்கு நேரக்குறிப்பு வசதி காசுக்கு ஈடாகலாம். அப்படிக் கட்டுவதானால் ஆண்டுச் சந்தா வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கட்டி மூன்று ஷிப்டிலும் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது.