சேஃப்டி டிரெய்னிங்: ஆன்லைன் மாட்யூலா, மெஷின் பக்கத்துல நின்னு சொல்லித்தர்றதா?

எங்க யூனிட்ல சேஃப்டி டிரெய்னிங்கை எப்படி நடத்துறதுன்னு முடிவெடுக்குற பொறுப்பு என்கிட்ட வந்தப்ப முதல்ல ஆன்லைன் மாட்யூல், அதாவது ஸ்க்ரீன்ல வீடியோவும் ஸ்லைடும் பார்த்து டெஸ்ட் எழுதி முடிக்கிற பாடம், அதைத் தான் எடுத்தேன். ஒன்றரை வருஷம் ஓட்டினோம், அப்புறம் ஷாப் ஃப்ளோர்லயே நேரா சொல்லித்தர்ற முறைக்கு மாறிட்டோம். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன், நான் நேரடி டிரெய்னிங் பக்கம் தான், அதை முன்னாடியே சொல்லிடுறேன்.

ஆன்லைனோட வசதி எல்லாருக்கும் தெரிஞ்சது தான். நைட் ஷிஃப்ட் ஆளும் பார்க்கலாம், புதுசா சேர்ந்தவர் அன்னிக்கே முடிக்கலாம், லைனை நிறுத்த வேண்டாம், யார் முடிச்சாங்க யார் பாக்கின்னு உடனே ரிப்போர்ட் வந்துடும். ஆடிட் நேரத்துல இது பெரிய நிம்மதி, ரெக்கார்ட் விஷயத்துல நேரடி முறை இதுகிட்ட நிக்கவே முடியாது.

ஆனா எங்க பேக்கிங் லைன்ல நடந்ததைக் கேளுங்க. மெஷின்ல சிக்கின அட்டையை எடுக்கப் போன ஆபரேட்டர், லாக்கவுட் டேகவுட் (மெஷினை நிறுத்தி, வேற யாரும் ஓட்டாதபடி பூட்டு போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டுறது) மாட்யூல்ல முழு மார்க் வாங்கினவர். பேனல்ல பிரேக்கரை இறக்கினார், பூட்டு போட்டார், டேகும் மாட்டினார். உள்ள கையை விட்டு, சிக்கியிருந்த அட்டையை இழுத்ததும், காத்தழுத்தத்துல ஓடுற சிலிண்டர் படக்குன்னு முன்னாடி வந்துடுச்சு. கிளவுஸோட நுனி தான் மாட்டுச்சு, விரல் தப்பிச்சுது. "அண்ணே, கரண்ட்டை ஆஃப் பண்ணி பூட்டும் போட்டேனே"ன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லும்போது அவர் கை நடுங்கிட்டு இருந்துச்சு. கரண்ட் போனாலும் ஏர் லைன்ல பிரஷர் அப்படியே நிக்கும், வால்வை மூடி, உள்ள இருக்குற காத்தை வெளியேத்தி, கேஜ் ஜீரோவுக்கு வந்துச்சான்னு பார்த்து, எல்லாரும் தள்ளி நின்னதுக்கப்புறம் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கி மெஷின் அசையலைன்னு உறுதி பண்ணிட்டு தான் கையை வைக்கணும். மாட்யூல்ல இதெல்லாம் ஒரு ஸ்லைடுல இருந்துச்சு, ஆனா அதுல காட்டினது வேற மெஷின். எங்களோடதுல ஏர் வால்வு பின்பக்கம் கன்வேயருக்கு அடியில, குனிஞ்சு பார்த்தா தான் கண்ணுக்கே தெரியும்.

உடனே மாறிடலை. மாட்யூல் வித்த வெண்டர்கிட்ட எங்க மெஷினையே படம் எடுத்து அதுல சேர்த்துத் தரச் சொன்னோம், செஞ்சும் குடுத்தாங்க, நல்லாவே இருந்துச்சு. அதே நேரத்துல மெயின்டனன்ஸ்காரங்க இன்னும் உருப்படியான வேலை ஒண்ணு பண்ணாங்க, குனிஞ்சு தேடுற நிலைமையே வேண்டாம்னு வால்வை முன்பக்கம், கைக்கு எட்டுற உயரத்துக்கு மாத்திட்டாங்க. டிரெய்னிங்கை விட இந்த மாதிரி மாத்தம் தான் எப்பவும் பெரிய பாதுகாப்பு. ஆனா வீடியோவுல வால்வு இன்னும் பின்னாடி தான் இருந்துச்சு. திருத்தணும்னா தனி ஆர்டர், தனி பில், வாரக்கணக்குல காத்திருப்பு. அந்த இடைவெளியில சேர்ந்த ஒரு பையன் கன்வேயருக்கு அடியில குனிஞ்சு இல்லாத வால்வைத் தேடிட்டு இருந்ததை நானே பார்த்தேன். அன்னிக்கு தான் எனக்கு முடிவு தெளிவாச்சு.

மெஷினுக்கு மெயின்டனன்ஸ் மாதிரி டிரெய்னிங்குக்கும் வேணும், எதை எடுக்கலாம்னு பார்க்கும்போது இதைத் தான் நான் முதல்ல பார்ப்பேன். மெஷின் இடம் மாறும், கெமிக்கல் சப்ளையர் மாறுவாங்க, எமர்ஜென்சி வழியில யாராவது பேலட்டை அடுக்கி வழியையே மாத்திடுவாங்க. நேரடி முறையில மெஷின்லயே போட்டோவோட ஒரு பக்கத் தாள் ஒட்டியிருக்கோம், எதாவது மாறினா அன்னிக்கே தாளை மாத்தி, ஷிஃப்ட் ஆரம்பத்துல பத்து நிமிஷ டூல்பாக்ஸ் டாக்ல (வேலை இடத்துலயே நின்னு பேசுற சின்ன சேஃப்டி மீட்டிங்) ஒவ்வொருத்தரையும் செஞ்சு காட்டச் சொல்றோம். தாள்ல தப்பு இருந்தா, மெஷின் முன்னாடி நிக்குற ஆளே "சார், இது இங்க இல்லையே"ன்னு சொல்லிடுவார். வீடியோ பழசாயிடுச்சுன்னு வீடியோவுக்குத் தெரியாது.

ரூல்ஸும் இதைத் தான் கேட்குது. 2018-ல வந்த ஐஎஸ்ஓ 45001, அதாவது வேலையிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை, ஆளு கிளாஸுக்கு வந்தாரான்னு பார்க்குறதோட விடலை, அந்த வேலைக்குத் தகுதியா இருக்காரா, குடுத்த டிரெய்னிங் பலன் தந்துச்சான்னும் பார்க்கச் சொல்லுது. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்குற அரசு அமைப்பான ஓஷாவோட ஃபோர்க்லிஃப்ட் ரூல்ல பாடம், செய்முறை, வேலை இடத்துல மதிப்பீடு மூணும் வேணும், 3 வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி மதிப்பிடணும், நடுவுல வண்டி வகை மாறினாலோ விபத்து வரைக்கும் போய் தப்பிச்சாலோ ரெஃப்ரெஷர் குடுக்கணும்.

இயர்பிளக் ஒண்ணை எடுத்துக்கோங்க. நுரை பிளக்கை மெல்லிசா உருட்டி, மறு கையால காதை மேல பின்பக்கமா இழுத்து, உள்ள விட்டு, விரியுற வரைக்கும் பிடிச்சிருக்கணும். வீடியோ பார்த்து எல்லாரும் பாஸ், நேர்ல போட்டுக் காட்டச் சொன்னா பாதிப் பேருக்கு பிளக் வெளியில தொங்குது. ஃபயர் எக்ஸ்டிங்விஷரும் அப்படித் தான், சின்ன சிலிண்டர் அரை நிமிஷம் கூட வராது, பின்னை எப்படி உருவுறதுன்னு அந்த நேரத்துல யோசிச்சிட்டு நின்னா தீ ஏறிடும்.

நேரடி முறையிலயும் குறை இருக்கு. சொல்லித்தர்ற ஆளைப் பொறுத்து தரம் ஏறி இறங்கும், நல்ல சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனா கூடவே பாதி விஷயமும் போயிடும், ஆர்டர் நெருக்கடின்னா முதல்ல வெட்டுப்படுறது அந்தப் பத்து நிமிஷம் தான். எங்களுக்கே ரெண்டு மாசம் நழுவிப்போச்சு. இப்ப செஞ்சு காட்டினவர், பார்த்தவர் ரெண்டு பேரும் அதே தாள்ல தேதியோட கையெழுத்து போட்டா தான் லைனை ஓட்ட ஆரம்பிக்கலாம்னு வெச்சிருக்கோம்.

ஆன்லைனை மொத்தமா தூக்கிடலை. கெமிக்கல் லேபிள்ல வர்ற 9 அபாயக் குறிகள், சேஃப்டி டேட்டா ஷீட்டோட (கெமிக்கலோட ஆபத்தையும் கையாளுற முறையையும் சொல்ற தாள்) 16 பகுதிகள், ஆபீஸ் ஸ்டாஃபுக்கான பொது விஷயங்கள், இதுக்கெல்லாம் மாட்யூல் போதும், எல்லா இடத்துக்கும் ஒண்ணு தானே. விஆர் ஹெட்செட் ஒரே ஒரு டெமோ தான் பார்த்திருக்கேன், அதை வெச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். பல கிளை இருக்குற பெரிய கம்பெனிக்கு என் கணக்கு ஒத்துவராமலும் போகலாம், நான் பார்த்தது ஒரே கூரைக்கு அடியில இருக்குற ஒரு யூனிட் தான்.

ஆன்லைன் தான்னு முடிவு பண்றவங்க வெண்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. படத்தையும் ஸ்டெப்பையும் நாங்களே மாத்திக்க முடியுமா? மாத்தினா, பழைய வெர்ஷன்ல பாஸ் ஆனவங்களை சிஸ்டம் மறுபடி பாக்கின்னு காட்டுமா? எங்களோடதுல காட்டலை, வால்வு முன்பக்கம் வந்து பல வாரம் ஆகியும் அத்தனை பேர் பேரும் 'முடிச்சாச்சு'ன்னு பச்சையில தான் இருந்துச்சு.