ஆஸ்துமாவுக்கு அக்குபங்சர் போகிறீர்களா? பஃப்பை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். இன்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும். இன்று காலையிலும் நான் போன அக்குபங்சர் மையத்தின் ரீல்ஸ் என் போனில் வந்தது, "இனி இன்ஹேலர் தேவையில்லை" என்று. பார்த்ததும் உடம்பெல்லாம் பதறிவிட்டது. எனக்கு 24,000 ரூபாய் போனது. உயிரும் போயிருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸ் அறை தனிதான், ஆனாலும் கட்டிங் பக்கமிருந்து பஞ்சுத் தூசி வராமல் இருக்காது. மழை விட்டால் காலி மனைகளில் பார்த்தீனியம் பூத்துவிடும். அப்புறம் காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. மார்கழிப் பனியில் ராத்திரி இளைப்பு. நெஞ்சக நோய் டாக்டர் எழுதிக் கொடுத்த பூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த பஃப்பை, அதாவது இன்ஹேலரை, காலையும் ராத்திரியும் இழுத்துத்தான் வேலைக்குப் போய்வந்தேன். இதை வருடக்கணக்கில் இழுத்தவர்களுக்குத் தெரியும், "இது இல்லாமலே இருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் மனசு அந்தப் பக்கம் எப்படி ஓடும் என்று.

பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் ஒரு அக்குபங்சர் மையம். பெயரை இங்கே எழுதவில்லை. முன்னால் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னது. என்ன வியாதி, எத்தனை வருடம், என்ன மருந்து, தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், அப்பா அம்மா இருக்கிறார்களா. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதை உள்ளே எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஊசி போடுபவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கண்ணை மூடி நாடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அம்மணி, உள்ளுக்குள்ள ஒரு துக்கத்தைப் பூட்டி வெச்சிருக்கறீங்க. நெருங்குன ஒருத்தரு போயிட்டாங்க. துக்கத்தைத் தாங்கற உறுப்பு நுரையீரலு. அதுதான் உங்களுக்கு இளைப்பா வருது" என்றார்.

போன வருடம் என் அப்பா இறந்துபோனார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என் மனசைப் பற்றிக் கேட்டதில்லை, இவர் கையைத் தொட்டே கண்டுபிடித்துவிட்டாரே என்று தோன்றியது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும்போதுதான் அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. "அப்பா" என்ற இடத்தில் "காலமாகிவிட்டார்" என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். நுரையீரலைத் துக்கத்தோடு சேர்த்துச் சொல்வது சீன மருத்துவத்தில் பழைய கொள்கைதான், அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் செத்துப்போன என் அப்பாவை வைத்து என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார். 24,000 ரூபாயைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

பணம் கட்டும் இடத்தில், முதலில் ஒரு சிட்டிங் மட்டும் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தனித்தனியா போட்டா சார் பாக்க மாட்டாருங்க. மூணு மாச பேக்கேஜ்தானுங்க. இன்னைக்கே கட்டுனா 24,000, நாளைக்குன்னா 30,000 ஆயிருமுங்க" என்றது அந்தப் பெண். ஜிபேயில் போட்டோம். பணம் போனது மையத்தின் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. பில் கேட்டால் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

ஊசியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். புதுப் பாக்கெட்டைப் பிரித்துத்தான் போட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், மூக்குக்கு இரு பக்கமும், முழங்காலுக்குக் கீழே. வலியே இல்லை. படுத்திருக்கும்போது நன்றாகத் தூக்கம் வந்தது. என்னைக் கொல்லப் பார்த்தது ஊசி இல்லை, அதற்கு அப்புறம் அவர் சொன்னது. "ஸ்டீராய்டு உள்ள போற வரைக்கும் சக்தி ஓட்டம் திறக்காதுங்க அம்மணி. பஃப்பை இன்னையோட நிறுத்திருங்க. அந்த நீலக் கலர் பஃப்பும் கையில இருக்க வேண்டாம், அது இருந்தா மனசு அதைத்தான் தேடும்." நீலக் கலர் பஃப் என்பது திணறல் வந்தால் உடனே இழுப்பது.

நிறுத்திய உடனே ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே இருந்தேன். அவர் அதைத் தன் ஊசியின் வேலை என்றார், என்னிடம் வீடியோவில் நன்றி சொல்லும்படி கேட்டார். இப்போது என் டாக்டர் விளக்கிச் சொல்கிறார்: தினமும் இழுக்கும் பஃப் மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்கி வைத்திருக்கும், நிறுத்தினாலும் அந்த அடக்கம் உடனே போகாது, அழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். நான் நன்றாக இருந்தது பழைய மருந்தின் மிச்சத்தில். அந்தப் பெருமையை இவர் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம். வாட்ஸ்அப்பில் எழுதினேன். "கழிவு வெளிய வருதுங்க, நல்ல அறிகுறி. வெந்நீர் குடிங்க" என்று வாய்ஸ் அனுப்பினார். இன்னும் அதிகமாகுது என்றேன். "உடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணுது, பயந்து பஃப்பைத் தொட்டா மறுபடி முதல்ல இருந்து" என்றார். ஒரு ராத்திரி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் அலறிவிட்டார். அவசரப் பிரிவில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான் காட்டியது. ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் வைத்து, ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த ஆளுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பணம் கேட்டு நேரில் போனார். "சார் கேம்ப்ல இருக்காருங்க." மறுபடி போனார். "பேக்கேஜ் ரிட்டன் கிடையாதுங்க." அப்புறம் அந்த ஆளே பேசினார்: "பத்தியம் காக்கலீங்க, பால் குடிச்சிருக்காங்க. நம்பிக்கையும் குறைவு." நான் பால் குடிப்பதே கிடையாது. அதைச் சொன்னதும், மிச்ச சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறேன் என்றாராம். என் மகளுக்கும் மூக்கு அலர்ஜி இருப்பது அந்தப் படிவத்தில் இருந்தது, அவளைக் கூட்டி வரச் சொன்னார். இப்போது எங்கள் இரண்டு பேர் நம்பரையும் பிளாக் செய்திருக்கிறார்கள். 24,000 ரூபாயில் ஒரு பைசா வரவில்லை.

சுவரில் "அரசு அங்கீகாரம் பெற்ற சிகிச்சை" என்று போர்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது உண்மை. பதிவுபெற்ற மருத்துவரோ தகுந்த பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றுதான் அதில் இருக்கிறது. சிகிச்சைக்குக் கிடைத்த அங்கீகாரம் இந்த ஆளுக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. மூக்கு அலர்ஜிக்கு, மருந்தில்லாத சிகிச்சையை விரும்புபவர்களுக்கு அக்குபங்சரும் ஒரு வழி என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆஸ்துமாவுக்கு அப்படி இல்லை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. தும்மலுக்கு உள்ளதைக் காட்டி மூச்சுத் திணறலுக்கு விற்கிறார்கள்.

எழுதுவதாகச் சொன்னதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்கு மேல் உட்கார முடியவில்லை. பஃப்பை உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், நீலக் கலர் பஃப் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். பில் தராத இடத்தில், தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். திணறலை "நல்ல அறிகுறி" என்றால் அன்றோடு போவதை நிறுத்துங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் யாருக்கும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. திருப்பூரில் பேக்கரி மாடியில் இதே மாதிரி பேக்கேஜ் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த வாய்ஸ் மெசேஜ்களையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.